தலையணைக்கு நாடி இல்லை

உங்கள் பயிற்சிக்கூடத்தைப் போன வாரம் சுற்றிப் பார்த்தேன். கட்டிலில் கிடக்கும் பொம்மை மூச்சு விடுகிறது, கண் சிமிட்டுகிறது, பயம் வந்தால் அதற்கு வியர்க்கக்கூடச் செய்கிறதாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து பொத்தானைத் தட்டினால் அதற்கு மாரடைப்பு வருகிறது, இன்னொன்றைத் தட்டினால் பிழைத்துக்கொள்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன். நான் இத்தனை வருடம் நர்ஸ் பெண்களுக்கு இதயத் துடிப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது சோப்பு டப்பா அளவு ஒரு பெட்டியையும் ஆஸ்பத்திரித் தலையணை ஒன்றையும் வைத்துக்கொண்டுதான். அந்தத் தலையணையால் ஒரு பெரியவர் நெஞ்சில் குத்து வாங்கினார். ஒரு பெண்ணின் குவைத் வேலை கைநழுவப் பார்த்தது. தப்பு பெட்டியுடையதும் அல்ல, தலையணையுடையதும் அல்ல. புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் உங்களிடம் அதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில் போட்டு இதயப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். நான் அதற்குப் பொறுப்பு சிஸ்டர். மன்னார்குடிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டு வந்த பெரிய டாக்டர்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். மானிட்டரோடு வயரை இணைத்துக் குமிழைத் திருகினால் பன்னிரண்டு வகைத் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓடும். நோயாளி இல்லாமலேயே நோயைக் காட்டலாம்.

எங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஏனென்றால் நான் கற்றுக்கொடுத்த பெண்கள் யாரும் தங்கவில்லை. ஒருத்தி திரையைப் பார்த்துத் தடுமாறாமல் பேர் சொல்லும் அளவுக்குத் தேறினால் அடுத்த மாதம் ரியாத்துக்கோ மஸ்கட்டுக்கோ விமானம் ஏறிவிடுவாள். அவள் இடத்தில் புதுசாக ஒருத்தி வந்து நிற்பாள். தினமும் மதியம் மூன்று மணிக்கு, சாப்பாட்டுத் தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில், என் வகுப்பு நடக்கும்.

முதல் வருடம் எல்லோரும் என் வகுப்பில் பிரமாதமாகத் தேறினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் பெட்டியைப் பழுதுபார்க்க வந்தவர் குமிழைக் கழற்றி மாட்டும்போது இடம் மாற்றி மாட்டிவிட்டார். அன்றைக்கு வகுப்பே தோற்றது. மாரடைப்புத் துடிப்புக்கு "நார்மல் சிஸ்டர்" என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். விசாரித்ததில் ஒரு அட்டைத்துண்டு வெளியே வந்தது. பன்னிரண்டு துடிப்பின் பேரும் வரிசையாக எழுதியிருந்தது. வெளிநாடு போகிறவள் புதிதாக வருகிறவளுக்கு அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாம். வருடம் முழுக்க நான் கற்றுக்கொடுத்தது அந்த அட்டையைத்தான். அன்று முதல் குமிழைக் கண்டபடி திருக ஆரம்பித்தேன், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹசீனா வந்து சேர்ந்தாள். முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவளுடைய வாப்பா குவைத்தில் கடை வைத்திருந்து, ஈராக் சண்டை வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு ஊர் திரும்பியவர். மகள் நர்ஸாக அதே ஊருக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. நான் எப்படித் திருகினாலும், குமிழிலிருந்து என் கை வருவதற்குள் ஹசீனா பதில் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் ஒரு வரியை முடிப்பதற்குள் அவள் மூன்று வரி படித்திருப்பாள். இவளை நான்தான் உருவாக்கினேன் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. கட்டிலில் தலையணையை மனிதன் மாதிரி கிடத்துவேன். திரையில் வி.டி. என்ற துடிப்பை வரவழைப்பேன். இதயத்தின் கீழறை தன் இஷ்டத்துக்கு வேகமாக அடித்துக்கொள்கிற நிலை அது. திரையில் அகலமான பெரிய அலைகளாக ஓடும். சிலருக்கு அதோடு நாடியும் நின்றுபோகும். அப்படி நின்றுவிட்டால், கண்ணெதிரே நடந்தது என்றால், நடு நெஞ்சில் கையை மடக்கி ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பாடம். இப்போது அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். முதலில் கழுத்தில் நாடி பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் தலையணைக்கு ஏது நாடி. அதனால் ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன், "நாடி பார்த்தாச்சுன்னு வச்சுக்குங்க. ம், அடுத்தது?" பெண்கள் தலையணையைக் குத்துவார்கள். நேரமும் மிச்சம்.

திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மாரடைப்போடு வந்து சேர்ந்தார். தாலுகாவில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் சர்வேயர் ஐயா. வாயில் பல் ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் வெற்றிலை இல்லாமல் இருக்க முடியாது. வெற்றிலை பாக்கைச் சின்னப் பித்தளை உரலில் இடித்துத்தான் போட்டுக்கொள்வார். வந்த அன்றே உரலைப் பிடுங்கி அவர் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன்.

"சிஸ்டரம்மா, வேணும்னா மூணு வேளைச் சோத்தை நிறுத்துங்க, இத நிறுத்தாதீங்க" என்றார்.

"வீட்டுக்குப் போனதும் போட்டுக்குங்க. இங்க நான் சொல்றதுதான்" என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்து உரலைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியாது. சர்வேயர் ஐயா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, உரலை நெஞ்சின்மேல் வைத்து, உள்ளே கையை விட்டு இடிக்கத் தொடங்கியிருக்கிறார். நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்கள் அந்த இடியை அப்படியே மானிட்டருக்குச் சொல்லியிருக்கின்றன. எட்டுக் கட்டிலின் துடிப்பும் தெரியும் நடு மேசையில் ஹசீனா அப்போது இருந்தாள். மணி அடித்தது. திரையில் அகல அகலமான அலைகள், அச்சு அசல் வி.டி.

ஓடியிருக்கிறாள். காலடிச் சத்தம் கேட்டதும் சர்வேயர் ஐயா இடிப்பதை நிறுத்திவிட்டார். இடித்ததை வாயில் போட்டு, கண்ணை இறுக மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். "ஐயா, ஐயா" என்று இவள் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். வாய் நிறைய வெற்றிலைச் சாறு இருக்கும்போது அவர் எப்படிப் பதில் சொல்வார். திரும்பி ஒரு தடவை திரையைப் பார்த்திருந்தால் துடிப்பு சாதாரணமாக ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். கழுத்தில் இரண்டு விரலை வைத்திருந்தால் அதுவும் வேண்டியதில்லை. அவள் இரண்டையும் செய்யவில்லை. கையை மடக்கி நடு நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

அடுத்த நொடி அவளுடைய வெள்ளை உடுப்பு முழுக்கச் சிவப்பு. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ரத்தம் ரத்தம் என்று அலறினாள். நான் வகுப்பறையிலிருந்து ஓடி வந்து பார்த்தால், சர்வேயர் ஐயா எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறார், போர்வைக்குள்ளிருந்து பித்தளை உரல் உருண்டு தரையில் விழுகிறது.

"வெத்தலை போட்டதுக்கு அடிக்கிற ஆஸ்பத்திரிய இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றார் என்னிடம், ரொம்ப மரியாதையாக.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாளைக்கு முன் அடிபட்ட இதயம் அது. பெரிய டாக்டர் வந்து எல்லாம் சோதித்துப் பார்த்து, நெஞ்செலும்பில் கன்றியிருப்பதைத் தவிர ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பிறகு எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாடி பார்த்தியாம்மா?"

"இல்ல சார்."

"ஏன் பார்க்கல?"

ஹசீனா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. நாடி பார்த்தாச்சுன்னு வச்சுக்குங்க என்று நூறு தடவை சொன்ன வாய் அந்த அறையில் திறக்கவில்லை.

அவளை இதயப் பிரிவிலிருந்து எடுத்து வெளிநோயாளி சீட்டு எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். குவைத் ஆஸ்பத்திரிக்காரர்கள் சென்னையில் நேர்காணல் நடத்த ஒரு மாதம்தான் இருந்தது. துடிப்பைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்கத் தகுதியானவள் என்று கடிதம் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். டாக்டர் என்னிடம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "சொல்லிக் குடுத்தது நீங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க, கீழ நான் போடறேன்."

நான் போடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அவள் தகுதியானவள் என்று எழுதினால், அப்படியானால் அன்றைக்கு என்ன நடந்தது என்ற கேள்வி என் பக்கம் திரும்பும். அதுதான் விஷயம், வேறொன்றுமில்லை. இதற்கிடையில் அவள் வாப்பா ஒரு டப்பா அல்வாவோடு என்னைப் பார்க்க வந்தார். நடந்தது எதையும் அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

"பொட்டிகூட வாங்கியாச்சு சிஸ்டர். நான் போட்டுட்டு வந்த ஊருக்கு எம் பொண்ணு நர்ஸாப் போறான்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன். எல்லாம் உங்க தயவு" என்றார். அந்த அல்வாவை நான் தொடவில்லை, பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

சர்வேயர் ஐயா வீட்டுக்குப் போகிற அன்று, தன்னைக் குத்திய பெண்ணை எங்கே காணோம் என்று கேட்டார். சொன்னேன். அவர் பொக்கை வாயை மென்றுகொண்டே சொன்னார்.

"எல்லைக் கல்லு தப்பான எடத்துல நட்டிருந்தா, ஜமாபந்தில வருசக் கணக்குப் பாக்கறப்ப கல்லை நிக்க வச்சுக் கேள்வி கேக்க மாட்டாங்கம்மா. எவன் அளந்தான்னுதான் கேப்பாங்க. இந்தப் பொண்ணுக்கு யாரு அளந்து குடுத்தது?"

"நான்தான் ஐயா" என்றேன். ஒரு நோயாளியிடம் சொல்ல முடிந்தது, டாக்டரிடம் முடியவில்லை.

"எத வச்சு?"

"தலையணைய வச்சு."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குத்து விழுந்த இடம் வலித்திருக்கும். "அப்ப என்னைய வச்சு அளங்க. வாரா வாரம் டாக்டரப் பாக்க வரத்தானே போறேன். ஒரு மணி நேரம் உங்க கட்டில்ல படுத்துக்கறேன். ஒரே கண்டிசன், உரலைப் புடுங்கக் கூடாது."

இப்படித்தான் எங்கள் வகுப்புக்கு நாடியுள்ள ஒரு பொம்மை கிடைத்தது. மாரடைப்பிலிருந்து எழுந்தவரை வைத்து விளையாடுவதா என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். டாக்டர் அனுமதித்தார், சர்வேயர் ஐயா அடம்பிடித்தார், நானும் சம்மதித்தேன். புதன்கிழமைதோறும் கும்பகோணம் பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளை வேட்டியோடு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வார். சில சமயம் திரையில் பெட்டியின் துடிப்பை ஓடவிடுவேன், சில சமயம் அவர் நெஞ்சிலிருந்தே வயர் போகும். திரையில் வி.டி. ஓடும்போது அவர் பெண்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். திரையில் எல்லாம் சரியாக இருக்கும்போது வாயைக் கோணிக்கொண்டு மூச்சடைத்துக் கிடப்பார். பெண்கள் முதலில் அவரைத் தொட வேண்டும், கூப்பிட வேண்டும், கழுத்தில் விரல் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திரை. வச்சுக்குங்க என்ற வார்த்தை வகுப்பில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது என்று சட்டம் போட்டேன். அந்தச் சட்டத்தை அதிகம் மீறியது நான்தான்.

ஹசீனா சீட்டு மேசையிலிருந்து வந்து கடைசியில் சுவரோரமாக நிற்பாள். கேட்டாலொழியப் பேச மாட்டாள். நான் கேட்கவில்லை. கடிதம் என் மேசை இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மூன்றாவது புதன்கிழமை. அன்றைய பாடம் சர்வேயர் ஐயாவின் சொந்தப் பாடம், வெற்றிலை இடித்தால் திரையில் என்ன தெரியும் என்பது. வயர்களை அவர் நெஞ்சில் ஒட்டி, உரலைக் கையில் கொடுத்தேன். டொக் டொக்கென்று இடிக்க ஆரம்பித்தார். அலைகள் எழுந்தன. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேனாவால் திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கினேன். பெரிய அலைகளுக்கு நடுவே அவருடைய உண்மையான துடிப்பு சின்ன முள்ளாக, ஒரே இடைவெளியில் போய்க்கொண்டிருக்கும், அதைத் தேடுங்கள் என்றேன். பெண்கள் தேடினார்கள். ஒருத்தி காணவில்லை என்றாள்.

"நல்லாப் பாரு, இருக்கும். இது வெத்தலைதான்" என்றேன்.

பின்னாலிருந்து ஹசீனாவின் குரல் வந்தது. "சிஸ்டர், இடிக்கிற சத்தம் கேக்கல."

நான் திரும்பினேன். உரல் அவர் இடுப்போரம் சாய்ந்து கிடந்தது, கை பக்கத்தில் விழுந்திருந்தது, வாய் கோணியிருந்தது. அலைகள் மட்டும் திரையில் ஓடிக்கொண்டேயிருந்தன. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா. "நடிக்கிறாரும்மா" என்றேன். பதினெட்டு வருட அனுபவம் சொன்னது அது.

ஹசீனா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து அவர் கழுத்தில் விரலை வைத்துவிட்டிருந்தாள். "கழுத்து நடிக்காது சிஸ்டர். நாடி இல்ல."

அதற்குப் பிறகு உத்தரவு போட்டதெல்லாம் அவள்தான். ஒருத்தியை ஷாக் மெஷினுக்கு விரட்டினாள், இன்னொருத்தியை டாக்டருக்கு. வாயிலிருந்த வெற்றிலையை விரலை விட்டு வழித்து எறிந்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். நான் சுதாரித்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். இதயப் பிரிவு எதிர்வாசல்தான், மெஷின் வருவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது ஒரு பகல் மாதிரி இருந்தது. மெஷினின் தட்டுகளை அவர் நெஞ்சில் நான் வைத்தேன். எல்லோரும் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துச் சொன்னது ஹசீனா. ஒரு ஷாக். திரை ஒரு கணம் வெறுமையாகி, பிறகு சின்ன முட்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் கழுத்தில் இருந்தது. "வந்துருச்சு சிஸ்டர்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சர்வேயர் ஐயா கண்ணைத் திறந்து சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "இன்னிக்கு நல்லா நடிச்சனா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன், எல்லாப் பெண்களுக்கும் முன்னால். வீட்டில் இருந்திருந்தால் போயே போயிருப்பேன் என்று அவர் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தியத்துக்குச் சென்னை போய்த் திரும்பி வந்து, அதன்பிறகும் ரொம்ப நாள் வெற்றிலை இடித்தார்.

அவரைப் படுக்கைக்கு மாற்றிவிட்டு டாக்டர் கேட்டார், "யாரு பார்த்தது?"

இந்தத் தடவை அறையில் காலண்டர் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. "ஹசீனா சார். நான் வெத்தலைன்னு சொன்னேன், அப்புறம் நடிப்புன்னு சொன்னேன். அன்னிக்கு அவ நாடி பார்க்காம குத்தினதும் அவ தப்பில்ல. பார்த்தாச்சுன்னு வச்சுக்குங்கன்னு நான்தான் பழக்கினேன். அத அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். அன்று சாயங்காலமே கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் பொம்மைக்கு நாடி இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் எந்தப் பொம்மையிலும் ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லித் தாண்டிப் போகிறீர்கள் என்று கவனியுங்கள். பிள்ளைகள் நீங்கள் கற்றுக்கொடுப்பதைவிட நீங்கள் தாண்டிப் போவதைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறார்கள்.

கடிதத்தைச் சீட்டு மேசைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹசீனா வரி விடாமல் படித்தாள். தனியாகத் துடிப்பைப் பார்த்து முடிவெடுக்கத் தகுதியானவர் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"சிஸ்டர், உங்களுக்கு யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் மூன்று மணிக்கு வகுப்பில் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து பெண்களோடு வரிசையில் நின்றேன். அவள் குவைத்துக்கு விமானம் ஏறும்வரை அப்படித்தான் நடந்தது. முதல் நாள் நான் தேறவில்லை.